வடிவு தாவரவியல் படித்தாள்

மீன் கம்பெனி வேன் கவிழ்ந்து செத்துப்போன சுடலைவடிவு, மறு வருஷம் கல்லூரிகள் திறந்த அன்று காலையில், மஞ்சள் சுடிதாரும் தோளில் பையுமாக உப்போடை பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். காத்திருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு நிற்க இடம் கொடுத்தார்கள். பஸ் வந்தது. அவளுடைய அடக்கத்துக்கு வந்திருந்த கண்டக்டர்தான் அன்றைக்கும் டூட்டியில் இருந்தார். "யுனிவர்சிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். பெண்களுக்கு இலவசம் என்றுதான் அரசாங்கம் சொல்லியிருந்தது. உயிரோடிருக்கும் பெண்களுக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உப்போடையில் மரம் கிடையாது. ஊரைச் சுற்றி உப்பளம், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கடல், இரண்டுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு உமரிச் செடி, அதை விட்டால் பச்சை என்று கண்ணில் பட ஒன்றுமில்லாத ஊரில் பிறந்ததாலோ என்னவோ, வடிவுக்குச் சின்ன வயசிலிருந்தே செடி என்றால் பைத்தியம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் ஒரு கன்றை ஈரத் துணியில் சுற்றி எடுத்துவருவாள், நடுவாள், அது கருகும், அழுவாள், மறுபடியும் நடுவாள். "எல்லாம் கருகுற மண்ணுல உமரி மட்டும் எப்படிப்பா நிக்குது?" என்று அளத்தில் உப்பு வாரும் அப்பா தவசிமுத்துவைக் கேட்பாள். "அதோட விதி அப்படி தாயீ" என்பார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தாவரவியல் படிப்பேன் என்று அம்மா சொர்ணத்திடமும், பள்ளிக்கூடத்திலும், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பல்கலைக்கழகம் ஒன்றும் தூரதேசத்தில் இல்லை. நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். வடிவு நல்ல மார்க்கும் எடுத்திருந்தாள். ஆனால் அந்த வருஷம் வந்த புதுத் துணைவேந்தர், பல்கலைக்கழகம் என்பது வந்தவர் போனவர் எல்லாம் படுத்தெழும் சத்திரம் அல்ல, எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பதற்கு மதிப்பில்லாமல் போகும் என்று மேடையில் பேசினார். கைதட்டினார்கள். நுழைவுத் தேர்வு என்று ஒன்று வந்தது. அதற்குச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் டவுனில் இருந்தன, உப்போடையில் இல்லை. வடிவுக்கு இடம் கிடைக்கவில்லை.

"ஒரு வருஷந்தான தாயீ, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றார் தவசிமுத்து. அந்த ஒரு வருஷத்தைத் தள்ளுவதற்காக இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனாள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பைபாஸ் திருப்பத்தில் வேன் கவிழ்ந்தது. மற்றப் பெண்கள் கையும் காலும் ஒடிந்து பிழைத்துக்கொண்டார்கள். வடிவை ஓடைக்கரையில் அடக்கம் செய்தார்கள்.

அந்த வடிவுதான் ஜூன் மாசத்து வெயில் இறங்கும் நேரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, "யம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். சொர்ணம் அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து மகளுடைய கையைப் பிடித்தாள். கம்பெனி ஐஸ் பெட்டிக்குள் விட்டெடுத்த மாதிரி அது சில்லிட்டிருந்தது. கையை விடாமலே, "சாப்பிடுதியாளா?" என்று கேட்டாள்.

"பசிக்கலம்மா. இன்னைக்கு இலையைப் பத்திப் பாடம் நடத்தினாவ. இலைக்கெல்லாம் வாய் இருக்காம், கண்ணுக்குத் தெரியாதாம். வெயில் ஏறுனா மூடிக்கிடுமாம்."

தவசிமுத்து வெளியே இறங்கி ஓடைக்கரைக்கு ஓடினார். குழிமேடு கலையாமல் அப்படியே இருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றவர், வீட்டில் மகள் காத்திருப்பாளே என்ற நினைப்பு வந்ததும் வேகவேகமாகத் திரும்பி நடந்தார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தில் பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. கோயில் பூசாரியைக் கேட்டார்கள். அவள் படிக்கத்தானே போகிறாள், யாரையும் பிடிக்கவா போகிறாள், விடுங்கள் என்றார். டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் உப்பு விலைக்கு வந்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் வகுப்பு எடுத்த பேராசிரியர் அமலோற்பவம், பெயர்ப் பட்டியல் முழுக்க வாசித்து முடித்த பிறகும் கடைசிப் பெஞ்சில் ஒரு பிள்ளை கூப்பிடப்படாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். வடிவு பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், இடம் கிடைக்காமல் போனதையும் வேன் கவிழ்ந்ததையும் சொன்னாள். அமலோற்பவம் பேனாவை எடுத்துப் பட்டியலின் அடியில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

பிறகு மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணம் கட்டிக்கொடுக்கப்பட்டு, முதல் பிரசவத்தில் செத்துப்போன வெயிலுகந்தாள் தாவணியோடு வந்தாள்; படகு உடைந்து கடலில் போனவர்கள் ஈரம் சொட்டச் சொட்ட வந்தார்கள்; தீப்பெட்டி ஆபீசில் விரல் தேய்ந்தவர்கள், செங்கல் சூளையில் முதுகு வளைந்தவர்கள், அண்ணன் படிக்கட்டும் நீ நில்லு என்று சொல்லப்பட்டவர்கள், பஸ் வசதி இல்லாததால் நின்றவர்கள், எதனால் நின்றோம் என்று தங்களுக்கே தெரியாமல் நின்றவர்கள், எல்லாரும் சுற்றுவட்டாரத்து இடுகாடுகளிலிருந்தும் சுடுகாடுகளிலிருந்தும் எழுந்து, தலையை வாரிக்கொண்டு, காலை பஸ்ஸுக்கு வந்து நின்றார்கள். உட்கார இடமில்லை என்று உயிரோடிருப்பவர்கள் கண்டக்டரிடம் சண்டை போட்டார்கள். "செத்தவங்களுக்கு எதுக்குய்யா படிப்பு, வேலைக்கா போவப் போறாவ?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, ஜன்னலோரம் நின்ற வெயிலுகந்தாள், "வேலைக்குப் போகத்தான் படிப்புன்னா நீங்க சொல்லுறது சரிதான் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

துணைவேந்தர் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் யோசித்துப் பார்த்தார். இவர்களுக்கு விடுதி வேண்டாம், சாப்பாடு வேண்டாம், உதவித்தொகை கேட்க மாட்டார்கள், கொடி பிடிக்க மாட்டார்கள், படித்து முடித்துவிட்டு வேலை எங்கே என்று வந்து நிற்க மாட்டார்கள். முகப்பு வாசலில் 'எங்கள் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

தவசிமுத்து வீட்டில் அதுபோல ஒரு காலம் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருக்கவில்லை. காலையில் சொர்ணம் மகளுக்கு இரட்டைச் சடை பின்னி அனுப்புவாள். சாயங்காலம் அவள் வந்ததும் மூவரும் வாசலில் உட்காருவார்கள். வேர் எப்படித் தண்ணீரை இழுக்கிறது, பூ எப்படி வண்டை ஏமாற்றுகிறது, விதை எத்தனை காலம் மண்ணுக்குள் பொறுத்துக் கிடக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, தவசிமுத்து பாதி விளங்கியும் பாதி விளங்காமலும், அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உமரியின் ரகசியத்தையும் ஒரு நாள் சொன்னாள். அது உப்பை விரட்டுவதில்லையாம். உள்ளே எடுத்துத் தனியாகப் பூட்டி வைத்துக்கொண்டு அதோடேயே வாழுமாம். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்துச் சொர்ணம் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

வெயிலுகந்தாள் சேர்ந்திருந்தது குறுகிய காலப் படிப்பு ஒன்றில். அவள் உயிரை விட்ட பிரசவத்தில் பிறந்த மகன் இப்போது அவளைவிட வயதில் மூத்தவன், தலையெல்லாம் நரைத்தவன். தன்னைவிட இளையவளான அம்மாவை ஒவ்வொரு சாயங்காலமும் பஸ் ஸ்டாப்பில் வந்து கூட்டிப்போவான். பரீட்சை முடிவு வந்து அவள் பாஸ் என்று தெரிந்த அன்று, பஸ் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், வெயிலுகந்தாள் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அந்த மகன் ஒரு வாரம் வந்து நின்று பார்த்துவிட்டு, ஓடைக்கரைக்குப் போய் உட்கார்ந்து, தாயில்லாத குழந்தை மாதிரி கத்தி அழுதான். படித்து முடித்தால் போய்விடுவார்கள் என்பது ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஊரே மாறிப்போனது. இறந்தவர்கள் இருந்த வீடுகளிலெல்லாம் புத்தகத்தை ஒளித்துவைத்தார்கள். பரீட்சை நாளில் பேனாவைக் காணோம், ஹால் டிக்கெட்டைக் காணோம். தாய்மார்கள் தங்கள் பிள்ளைகள் பெயிலாக வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள். "உம் மகனுக்கு எத்தனை அரியர்?" என்று ஒருத்தி கேட்க, "எல்லாப் பேப்பரும் சாமி புண்ணியத்துல நிக்குது" என்று இன்னொருத்தி நெஞ்சில் கைவைத்துச் சொல்வாள்.

வடிவுக்கு மட்டும் ஒரு அரியரும் இல்லை. கடைசி வருஷம் வந்தபோது தவசிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் அமலோற்பவத்தைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, எம் மகளை நீங்க பெயில் போட்டுருங்க."

அமலோற்பவம் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"ஐயா, நான் இத்தனை வருஷமாப் பாடம் நடத்துறேன். அவளை மாதிரிக் கேள்வி கேட்ட பிள்ளை எனக்குக் கிடைச்சதில்ல. அவ போகக் கூடாதுன்னு எனக்கும் இருக்கு. ஆனா சரியா எழுதினதைத் தப்புன்னு நான் எப்படிப் போடுவேன்?"

"ஒரு பேப்பர். ஒண்ணே ஒண்ணு."

"அவகிட்டக் கேட்டீங்களா?"

கேட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலம் கேட்டார். கேட்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவரைப் பார்த்து வடிவே சொன்னாள்: "நீங்க சொன்னா நான் எழுதாம இருக்கேம்பா." தவசிமுத்து அவள் முகத்தைப் பார்க்காமல், "எழுதாத தாயீ" என்றார்.

கடைசிப் பரீட்சையில் அவள் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த ஜூனில் மறுபடி அதே வகுப்பில், தெரிந்த பாடத்தையே கேட்க உட்கார்ந்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி வந்தாள், செருப்பைக் கழற்றினாள், உட்கார்ந்தாள். "இன்னைக்கு என்ன நடத்தினாவ?" என்று தவசிமுத்து கேட்பார். "போன வருஷம் நடத்தினதுதாம்பா" என்பாள். அப்புறம் பேச்சு இருக்காது. இருட்டும்வரை அவள் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சொர்ணம் அவள் தலையைக் கோதிக்கொண்டிருப்பாள். மகள் பக்கத்தில் இருந்தாள். அது போதும் என்று இருவரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கணக்கில் சூரப்புலி. ஒரு காலையில் தவசிமுத்து அளத்துக்குப் போகும் வழியில், மீன் கம்பெனி வேன் நின்றுகொண்டிருக்க, அவள் சாப்பாட்டு டப்பாவோடு ஓடிவந்தாள்.

"எங்களா போற?"

"கம்பெனிக்கு மாமா."

"காலேஜுல சேரலையா? நல்ல மார்க்குன்னு உங்கம்மா சொன்னாளே."

"உயிரோட இருக்கவங்களுக்கு இந்த வருஷம் இடம் கம்மி மாமா. பெஞ்செல்லாம் அவங்களே உக்காந்திருக்காங்கல்லா." அவள் வேனின் படியில் காலை வைத்தபடியே சொன்னாள். "எங்கப்பா சொல்லிட்டாவ, இப்ப என்ன அவசரம், நம்ம வடிவு மாதிரி செத்தப்புறம் படிச்சுக்கிடலாம்னு. அப்பம் நுழைவுத் தேர்வும் வைக்க மாட்டாங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அடுத்த மாசத்துக் கோயில் கொடைக்குப் புதுத் துணி எடுப்பதைப் பற்றிச் சொல்வது போல, ஒரு வருத்தமும் இல்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேன் போய்விட்டது. தவசிமுத்து அன்று அளத்துக்குப் போகவில்லை. தெருவில் நடந்தார். நடக்க நடக்க அதே பேச்சு காதில் விழுந்தது. ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், படிப்பைச் செத்தப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று; ஒரு வீட்டில் பையனைச் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், செத்தப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. யாரும் அழவில்லை. எல்லாருக்கும் ஒரு ஆறுதல் கிடைத்திருந்தது. அந்த ஆறுதல் தன் வீட்டு வாசலிலிருந்துதான் தினமும் சடை பின்னிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சாயங்காலம் வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் உப்பளத்திலிருந்து பார்வையை எடுத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"செத்தப்புறம் படிக்கிறது எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாதுப்பா" என்றாள். "எல்லாம் விளங்கும். ஆனா ஒரு விதையை எடுத்து ஊனுனா முளைக்காது. இந்தக் கைக்கு முளைக்காது. நான் ஊனிப் பாத்தேன்."

தவசிமுத்து எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதட்டுமாப்பா?"

"எழுது தாயீ."

உள்ளேயிருந்து சொர்ணம் வந்தாள். "எனக்குன்னு இருந்தது ஒரு பிள்ளை. அதை ரெண்டு தடவ குடுக்கணுமா? யாருக்காவ குடுக்கணும்?" என்று புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் உலுக்கலுக்கெல்லாம் ஆடிக்கொண்டு நின்றார். வடிவு எழுந்து அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அந்தக் குளிர் முதுகு வழியாக நெஞ்சுக்கு இறங்க இறங்க, சொர்ணத்தின் கை மெதுவாகச் சட்டையை விட்டது.

பரீட்சை எழுதினாள். அத்தோடு நிற்கவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மற்ற இறந்தவர்களிடம் பேசினாள். "நாம முடிச்சிட்டுப் போயிருவோம். நம்மளைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குக் கதவை அடைக்காவ" என்றாள். அவர்களுக்கும் வீடுகள் இருந்தன, விட மனசில்லாத கைகள் இருந்தன. ஆனாலும் ஒவ்வொருவராக ஒளித்துவைத்த புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள்.

முடிவு எந்த நாளில் வரும் என்று தெரியாது. அதனால் தவசிமுத்துவும் சொர்ணமும் தினமும் காலையில் பஸ் ஸ்டாப்வரை வந்தார்கள், தினமும் கடைசி முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள், சாயங்காலம் அவள் இறங்கியதும் மறுபடி பிறந்து வந்தது போல வாங்கிக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வடிவு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "யம்மா, மழை வரும்போல இருக்கு, கொடியில கிடக்கிற துணியை எடுத்துருங்க" என்றாள். சாயங்காலம் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, பயணிகளைக் காத்திருக்க வைத்துவிட்டு, அவரே இறங்கி வந்தார். "நல்ல மார்க்கு அண்ணாச்சி. அவதான் முதலாம்" என்று சொல்லிவிட்டு, விசிலை வாயில் வைத்தவர் ஊத முடியாமல் பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பஸ்ஸில் இடம் இருந்தது. ஊரில் பல பேர் தவசிமுத்துவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். உன் மகள்தானே கெடுத்தாள் என்றார்கள். அவர் அடுத்த ஜூனில் ஜெயக்கொடியின் அப்பாவிடம் போய், "உம் பிள்ளையை எங்கூட அனுப்பு" என்று கேட்டார். என்ன நினைத்தாரோ அவரும் அனுப்பினார். தவசிமுத்துவும் சொர்ணமும் அவளைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழக வாசலுக்குப் போனார்கள்.

"சேர்க்கை முடிஞ்சிருச்சு" என்றான் காவலாளி.

"பெஞ்செல்லாம் காலியாத்தான இருக்கு?"

"அவங்க திரும்பி வந்தாலும் வருவாங்கன்னு துணைவேந்தர் ஐயா போட்டு வச்சிருக்காவ."

"அவங்க வர மாட்டாங்க" என்றாள் சொர்ணம்.

மூன்று பேரும் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். மத்தியானம் அமலோற்பவம் வெளியே வந்து பார்த்தார், உள்ளே திரும்பிப் போய் வெகுநேரம் யார் யாரிடமோ சத்தம் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பினார்கள். மறுநாளும் போனார்கள். அப்புறம் வேறு ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் தகப்பன்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் கதவு திறக்கவில்லை. ஜெயக்கொடி அந்த வருஷமும் வேனில்தான் போனாள். வேன் திரும்பி வரும்வரை சொர்ணம் தினமும் பைபாஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கடுத்த வருஷம், வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிக் காரே உள்ளே போக முடியாது என்ற நிலை வந்த பிறகு, கொஞ்சம் பெஞ்சுகளைத் திறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் இல்லை. ஜெயக்கொடிக்குக் கணக்கில் கிடைத்தது.

முதல் நாள் அவளை பஸ் ஏற்றிவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். சொர்ணம் பெட்டிக்குள்ளிருந்து, பள்ளிக்கூடத்தில் எடுத்த வடிவின் போட்டோவைத் தேடி எடுத்து முந்தானையால் துடைத்தாள். தவசிமுத்து சுவரில் ஆணி அடித்தார். காரைச் சுவர், ஆணி இரண்டு தடவை வளைந்தது, மூன்றாவதாக ஒன்றை நிமிர்த்தி அடித்தார். போட்டோவை மாட்டினார்கள். அது கொஞ்சம் சாய்ந்திருந்ததால் சொர்ணம் நேராக்கினாள். வரும் வழியில் வாங்கிய மாலையை வாழையிலையிலிருந்து பிரித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தபடியே நின்றார், கை மேலே போகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொர்ணம் அதை அவரிடமிருந்து வாங்கி, ஸ்டூலில் ஏறி, அவளே போட்டாள்.